குழாய் உறைந்த வீடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பகுதிகளிலும் தை, மாசியில் மைனஸ் 20 பாகையைத் தொடும் இரவுகள் சில வரும். மறுநாள் காலை டாப்பைத் திறந்தால் ஒரு முனகல், இரண்டு சொட்டு, அவ்வளவுதான். உடனே எல்லோரும் தேடுவது ஹெயர் டிரையரை. முதலில் தேட வேண்டியது வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் மெயின் வால்வை.

ஏன் என்றால், வீடு நனைவது குழாய் உறையும்போது அல்ல, உருகும்போது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். அந்தக் கட்டி குழாயின் நீளவாக்கில் வளர்ந்து, முன்னால் நிற்கும் தண்ணீரை மூடிய டாப்பை நோக்கித் தள்ளும். இடையில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் வழக்கமானதைவிடப் பல மடங்கு ஏறி, எந்த இடம் பலவீனமோ அந்த இடம் கிழியும். ஆகவே வெடிப்பு பல நேரங்களில் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் இராது. சில அடி தள்ளி, சூடான இடத்தில்கூட இருக்கும். கட்டி உறைந்திருக்கும் வரை அதுவே தக்கைபோல அடைத்துக்கொண்டு நிற்பதால் ஒரு சொட்டும் வெளியே வராது. நீங்கள் உருக்கி முடித்த அடுத்த நிமிடம்தான் சுவருக்குள் மழை தொடங்கும்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை: உறைந்த குழாயின் டாப் திறந்தே இருக்க வேண்டும், உருக்கும் நேரம் மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது

தனி வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்டில், தெருவைப் பார்த்த சுவரோரம். நிலத்திலிருந்து குழாய் மேலே வரும் இடத்தில், தண்ணீர் மீட்டருக்கு முன்னால் ஒரு வால்வு இருக்கும். மீட்டருக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கலாம். பேஸ்மென்டை வாடகைக்கு விட்ட வீடுகளில் இந்த வால்வு குடியிருப்பவரின் உடுப்பு அலுமாரிக்குப் பின்னாலோ, பலகை அடித்து மூடிய மூலையிலோ அகப்பட்டிருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் கதவைத் தட்டிப் பெட்டிகளை நகர்த்தும் நிலை வரக்கூடாது. மேல்மாடி, கீழ்மாடி என்று எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். அதன்மேல் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டால் போதும்.

கைப்பிடி நீட்டாக இருந்தால் அது பந்து வால்வு (ball valve). கால் சுற்றுத் திருப்பி, கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடிவிட்டது. வட்டக் கைப்பிடி இருந்தால் பழைய கேட் வால்வு. வலப்பக்கமாகப் பல சுற்று திருப்ப வேண்டும். இருபது வருடம் தொடாத கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். குறடு போட்டு முறுக்கினால் தண்டு முறிந்து, வால்வு பாதி திறந்தபடியே நிற்கும். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வெளியே மாநகரத்தின் வால்வு ஒன்று நிலத்துக்குள் இருக்கிறது. அதை மூடுவது அவர்கள் வேலை. ரொறன்ரோவில் 311 என்ற எண்ணில் கூப்பிடலாம். இப்படி இறுகிய வால்வை இலையுதிர் காலத்திலேயே பந்து வால்வாக மாற்றிக்கொள்வதைப் போல உருப்படியான செலவு இந்த விஷயத்தில் வேறில்லை.

அறிகுறி: வீடு முழுவதும் ஒரு டாப்பிலும் தண்ணீர் இல்லை

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் தெருவின் பெரிய குழாய் உடைந்திருக்கலாம். குளிர்காலத்தில் அது வழக்கம். உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் மீட்டரிடம் போங்கள்.

மீட்டர் இருக்கும் மூலை கராஜ் பக்கமாகவோ, கதவு மூடிய சிறு அறைக்குள்ளோ இருந்து, கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா? மீட்டரிலோ அதன் இரு பக்கக் குழாயிலோ வெண்பனி பூத்திருக்கிறதா? அப்படியென்றால் கோளாறு அங்கேயே. அறைக் கதவைத் திறந்து, மின் ஹீட்டரை ஒரு மீட்டர் தூரம் தள்ளி வைத்து, அந்த மூலையைச் சூடாக்குங்கள். சில வகை மீட்டர்களின் அடித்தட்டு, உறைந்தால் முதலில் தான் உடைந்து மற்றப் பாகங்களைக் காக்கும்படி செய்யப்பட்டது. அடியில் கீறலோ ஈரமோ தெரிந்தால் மீட்டருக்கு முன்னாலுள்ள வால்வை மூடிவிட்டு மாநகரத்துக்குச் சொல்லுங்கள். மீட்டர் அவர்களுடையது, நாங்கள் கழற்றக்கூடாது.

பேஸ்மென்ட் நல்ல சூடு, மீட்டரும் சரி, ஆனாலும் தண்ணீர் இல்லை என்றால் நிலத்துக்கு அடியில் தெருவிலிருந்து வரும் குழாய் உறைந்திருக்கிறது. இது கடுங்குளிரின் முதல் இரவில் வருவதில்லை. நிலத்துக்குள் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். வாரக்கணக்கில் மைனஸில் கிடந்த பிறகுதான் குழாயின் ஆழத்தைத் தொடும். அதனால் மாசிக் கடைசியில், பங்குனியில், வெளியே கொஞ்சம் இளகிய பிறகுகூட இது வரும். 2014இல் வினிபெக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் குழாய்கள் இப்படி உறைந்து, வசந்த காலம் வந்த பிறகும் மக்கள் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். பனி வழித்துத் துப்புரவாக வைத்த கார்ப் பாதைக்கு அடியில் குழாய் போனால் ஆபத்து கூட. புல்லின்மேல் கிடக்கும் பனி நிலத்துக்குப் போர்வை. வழித்த பாதைக்கு அந்தப் போர்வை இல்லை.

இதை நீங்களாக உருக்க வழியில்லை. மாநகரத்தை அழையுங்கள், உங்கள் காணி எல்லை வரையான குழாய் அவர்கள் பொறுப்பு, உள்ளே வருவது உங்களுடையது. உலோகக் குழாயில் வெல்டிங் மெஷினால் மின்சாரம் பாய்ச்சி உருக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அந்த மின்சாரம் மண்ணோடு நிற்காமல் வீட்டு வயரிங்குக்குள்ளும் அயல்வீட்டுக் குழாய்க்குள்ளும் போய்த் தீ வைத்ததுண்டு. மெல்லிய குழல் ஒன்றை உள்ளே செலுத்திச் சுடுநீர் பாய்ச்சும் கருவி இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்தவரே பாதுகாப்பான ஆள்.

உருகித் தண்ணீர் வந்த பிறகு, நிலம் இளகும் வரை ஒரு குளிர்நீர் டாப்பைப் பென்சில் தடிப்பில் இரவு பகலாக ஓடவிடச் சொல்வார்கள். நிமிடத்துக்கு ஒரு லீட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 1,440 லீட்டர். பில் பார்த்து மனம் பொறுக்காமல் நடுவில் மூடியவர்கள் திரும்பவும் உறைய விடுவார்கள். அந்தக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று மாநகரத்திடம் கேட்டுவிடுங்கள்.

போன வருடம் உறைந்த வீடு என்றால் இந்த வருடம் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். குளிர்நீர் டாப்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, சமையல் தெர்மாமீட்டரால் அளந்து வாருங்கள். 4 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் ஓடவிடும் காலம் நெருங்கிவிட்டது.

அறிகுறி: ஒரு டாப்பில் மட்டும் வரவில்லை, அல்லது நூல்போல வருகிறது

வீட்டுக்குள் உறைவதில் மிகப் பெரும்பான்மை இதுதான். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் எப்போதும் ஒரே சில இடங்கள்: வெளிச்சுவரோடு ஒட்டிய சமையலறைச் சிங், கராஜுக்கு மேலே கட்டிய குளியலறை, கட்டிடத்தோடு பிறகு சேர்த்த அறை, தவழ்ந்து போகும் உயரமுள்ள அடித்தளம்.

குளிரைக் குற்றம் சொல்லுமுன் டாப் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு அடைத்திருந்தாலும் நூல்போலத்தான் வரும். சிங்குக்குக் கீழேயுள்ள சிறு வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு சுடுநீர், குளிர்நீர் இரண்டையும் தனித்தனியே திறந்து பாருங்கள். ஒன்று வந்து மற்றது வரவில்லை என்றால் வராத குழாய் மட்டும் அந்தச் சுவருக்குள் உறைந்திருக்கிறது. சுடுநீர்க் குழாய் உறையாது என்று நினைக்க வேண்டாம். இரவு முழுக்க அதை யாரும் திறப்பதில்லை. உள்ளே நிற்கும் நீர் ஒரு மணித்தியாலத்தில் அறை வெப்பத்துக்கு வந்து, பிறகு மற்றதைப் போலவே உறையும்.

கட்டி எங்கே என்று பிடிக்க, தண்ணீர் வரும் கடைசி டாப்பிலிருந்து வராத டாப் வரைக்கும் குழாயைத் தொடர்ந்து போங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், உறைந்த இடத்தில் ஈரம் வெண்பனியாகப் பூக்கும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் பளபளக்கும் செப்பை அது தவறாகக் காட்டும். குழாயில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின்மேல் அளந்தால் சரியாக வரும்.

கண்ணுக்குத் தெரியும் குழாயை உருக்குவது

முதலில் அந்த நீளம் முழுவதும் விரலை ஓட்டிப் பாருங்கள். செப்புக் குழாயில் புடைப்போ, நீளவாக்கில் தலைமயிர் போன்ற கீறலோ, முழங்கை இணைப்பு விலகியிருப்பதோ தெரிந்தால் உருக்கவே தொடங்காதீர்கள். மெயினை மூடிவிட்டு வெடித்த குழாயாகவே நடத்துங்கள்.

எதுவும் தெரியவில்லை என்றால்:

1. உறைந்த டாப்பைத் திறந்து வையுங்கள். சல்லடையைக் கழற்றியே வையுங்கள். உருகும்போது துகள்கள் வரும்.
2. மெயினை முழுக்க மூட வேண்டாம், கொஞ்சம் குறைத்து வையுங்கள். சிறு இடைவெளி கிடைத்ததும் ஓடத் தொடங்கும் தண்ணீரே மீதிக் கட்டியையும் கரைத்துவிடும். வெடித்திருந்தாலும் பாய்ச்சல் குறைவாக இருக்கும்.
3. டாப்புக்கு அருகிலிருந்து தொடங்கி, கட்டியை நோக்கிச் சூடேற்றுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய நீரும் ஆவியும் இரண்டு கட்டிகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும்.
4. ஹெயர் டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சுற்றி, ஆறியதும் மாற்றுவதும் நல்ல வழி. பிளாஸ்டிக் குழாய்க்கு அதுவே மேல்.
5. டாப்பில் இருமல் போலக் காற்றும் தண்ணீரும் மாறி மாறி வந்தால் வழி திறக்கிறது. முழுப் பாய்ச்சல் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

அரை அங்குலச் செப்பில் ஓர் அடி நீளக் கட்டி என்றால் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் போதும்.

கேஸ் டார்ச், மெழுகுதிரி, கரி அடுப்பு எதுவும் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் மரமும் காகிதம் ஒட்டிய இன்சுலேஷனும் வெளியே தெரியாமல் கனன்று, நீங்கள் தூங்கப் போன பிறகு எரியும். பார்பிக்யூ அடுப்பையோ புரொப்பேன் ஹீட்டரையோ உள்ளே கொண்டுவந்தால் கார்பன் மொனொக்சைடு ஆளைக் கொல்லும். தரையில் தண்ணீர் நின்றால் மின் கருவியைக் கையில் எடுக்காதீர்கள்; மற்ற நேரத்திலும் சோதனைப் பொத்தானுள்ள பாதுகாப்புப் பிளக்கிலேயே செருகுங்கள். கொதிநீரைக் கழிவறைப் பீங்கானில் ஊற்றினால் பீங்கான் வெடிக்கும்.

குழாய் சுவருக்குள் இருந்தால்

பொறுமைதான் வேலை. வீட்டுச் சூட்டை 23, 24 பாகைக்கு ஏற்றி, சிங்குக்குக் கீழேயுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து, மேசை விசிறியால் அறைக் காற்றை உள்ளே ஊதுங்கள். சவர்க்காரப் போத்தல்களை எடுத்துவிடுங்கள். கராஜ் கூரைக்குள் போகும் குழாய் என்றால் கராஜ் கதவை மூடி, உள்ளே மின் ஹீட்டர் வையுங்கள். சூடு வரட்டும் என்று காரை ஓடவிடக் கூடாது.

இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அசையவில்லை என்றால் அலுமாரியின் பின்பலகையில், குழாய் இருக்கும் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி அறைச் சூட்டை உள்ளே விடலாம். அந்த ஓட்டையைக் குளிர்காலம் முடியும் வரை மூடாமல் விடுவதே புத்தி. பின்பலகையை யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்கும் மசியவில்லை என்றால் பிளம்பரை அழையுங்கள். கடுங்குளிர் நாளில் அவர் வர நேரமாகும். அதுவரை டாப் திறந்தும் மெயின் மூடியும் இருக்கட்டும்.

அறிகுறி: தண்ணீர் வருகிறது, ஆனால் அழுத்தம் குறைவு, சுவருக்குள் சீறும் சத்தம், சீலிங்கில் மஞ்சள் வட்டம்

குழாய் வெடித்துவிட்டது. வரிசை இது: மெயினை மூடுங்கள். ஈரமான இடத்தின் மின்சாரத்தை பிரேக்கரில் நிறுத்துங்கள். பிரேக்கர் பெட்டியை அடையத் தண்ணீரில் நடக்க வேண்டுமென்றால் நடக்காமல் மின்சாரக் கம்பனியை அழையுங்கள். பிறகு பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் தொட்டியின் டாப்பையும் மேல்மாடி டாப் ஒன்றையும் திறந்தால், மேலே காற்று நுழைந்து குழாய்களில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கேஸ் சுடுநீர்த் தொட்டியைப் பைலட்டுக்கு (சிறு சுடர் மட்டும் எரியும் நிலைக்கு) குறையுங்கள். மின் தொட்டி என்றால் பிரேக்கரை இறக்குங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் அதன் கம்பிச்சுருள் எரிந்துபோகும்.

சீலிங் வயிறுபோலத் தொங்கினால் அது தன்பாட்டில் இடிந்து விழும் வரை காத்திராமல், கீழே வாளி வைத்து, பக்கவாட்டில் நின்று திருப்புளியால் ஓர் ஓட்டை போடுங்கள்.

துடைக்கத் தொடங்குமுன் படம் எடுங்கள். வெட்டியெடுத்த வெடித்த துண்டை எறியாதீர்கள்; காப்புறுதிக்காரருக்கு அதுவே சாட்சி. அன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நனைந்த டிரைவாலும் கம்பளமும் ஒன்றிரண்டு நாளில் உலரவில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

சத்தமும் இல்லை, ஈரமும் இல்லை, ஆனால் சந்தேகம் மட்டும் இருக்கிறதென்றால் மீட்டரைக் கேளுங்கள். எல்லா டாப்பையும் மூடி, கழிவறையும் பாத்திரம் கழுவும் மெஷினும் ஓடாதபோது மீட்டர் முகப்பைப் பாருங்கள். சிறு முக்கோணம் அல்லது நட்சத்திரச் சக்கரம் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரம் இல்லாத டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறித்து வைத்து, அரை மணி கழித்து ஒப்பிடுங்கள். குழாய் உறைந்து உருகிய ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சோதனையை அன்றும் மறுநாளும் செய்ய வேண்டும். ஊசித்துளைக் கீறல் சுவரை நனைக்க ஒரு வாரம்கூட எடுக்கும்.

கிழிந்த செப்பைத் தற்காலிகமாகச் சரிசெய்வது

வெட்டுமுன் குழாயில் தண்ணீர் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அழுத்திச் செருகும் இணைப்பிகள் கடையில் கிடைக்கும்; நெருப்பு தேவையில்லை. ஆனால் பலர் தோற்கும் இடம் ஒன்று. பனி கிழித்த செப்பு, கிழிசலுக்கு இரு பக்கமும் கொஞ்சத் தூரம் பருத்திருக்கும். கிழிந்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு இணைப்பியைச் செருகினால் அது ஏறாது. ஏறினாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் நசுங்கி ஒழுகும். இணைப்பியையே அளவுகோலாக வைத்து, அது தடையில்லாமல் ஏறும் இடம் வரை பின்னால் வெட்டிக்கொண்டு போங்கள். இரண்டு அங்குலக் கிழிசலுக்கு ஆறு அங்குலம் வெட்ட நேர்வது உண்டு.

வெட்டு நேராக இருக்க வேண்டும்; குழாய் வெட்டி பாவியுங்கள், இரும்பு அறுக்கும் வாள் வேண்டாம். விளிம்புப் பிசிறை நீக்குங்கள். அரை அங்குலக் குழாய் இணைப்பிக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம் போக வேண்டும். பெட்டியிலுள்ள சரியான அளவைப் பார்த்துக் குழாயில் மார்க்கரால் கோடு போட்டு, கோடு மறையும் வரை செருகுங்கள். இரு முனையும் அசையாத குழாய் என்றால் சாதாரண இணைப்பியை உள்ளே நுழைக்க இடம் கிடைக்காது. ஒரு பக்கம் முழுக்கத் தள்ளிவிட்டுத் திரும்ப இழுக்கும் வழுக்கு வகையைக் கேட்டு வாங்குங்கள். பெக்ஸ் (PEX) எனும் வளையும் பிளாஸ்டிக் குழாயில் உள்ளுறை வளையம் போட மறக்காதீர்கள். பழைய வீடுகளின் சாம்பல் நிறப் பொலி-பி (Poly-B) பிளாஸ்டிக் குழாய்க்குத் தனி இணைப்பி. அதைத் தொடாமல் பிளம்பரிடம் விடுவதே நல்லது, ஒரு இடத்தைப் பிடித்தால் மற்ற இடம் விடும் சாதி அது.

எபொக்சிக் களிமண்ணை ஈரக் குழாயில் அப்பினால் அழுத்தம் வந்ததும் கழன்றுவிடும். ரப்பர் வைத்த கிளாம்ப் ஓரிரு நாள் தாங்கும்.

பெக்ஸ் போட்ட புது வீடு, எனக்கு இந்தக் கவலை இல்லை என்று இருப்பவர்களுக்கு: பெக்ஸ் விரிந்து கொடுக்கும், உண்மை. பித்தளை இணைப்பும் டாப்பும் விரிந்து கொடுக்காது. அங்கேதான் விடும்.

அறிகுறி: தண்ணீர் வருகிறது, இறங்கவில்லை, களகள என்று சத்தம்

வெளிச்சுவரோரச் சிங்கின் வளைகுழாய் உறைந்திருக்கலாம். துவாயும் டிரையரும் போதும். வீடு முழுக்கக் களகளத்துக் கழிவு வாடையும் வந்தால் கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயின் வாயை உறைபனி அடைத்திருக்கும். கீழிருந்து வரும் ஈர ஆவி வாயில் படிந்து படிந்து மூடிவிடும். பனி மூடிய கூரையில் ஏறாதீர்கள். வெளியே கொஞ்சம் இளகினால் பெரும்பாலும் தானாகத் திறக்கும்.

இதோடு வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் அணைந்திருந்தால், அது காற்றை இழுத்துப் புகையை விடும், வீட்டின் பக்கச் சுவரிலுள்ள இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் கையால் விலக்குங்கள். ஃபேர்னஸின் கழிவுநீர்க் குழாய் வெளியே போகிற வீடுகளில் அது உறைந்து, நீர் பின்வாங்கி, ஃபேர்னஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வீடு குளிரத் தொடங்கினால் அடுத்து உறைவது தண்ணீர்க் குழாய், ஆகவே இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் அந்த ஒரு இடம் மட்டும் உறைந்தது

உறைந்த இடத்துக்குப் பக்கத்தில் அநேகமாக ஒரு காற்றோட்டம் இருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் செய்த சோதனைகளில், பரண்பகுதியில் உறையில்லாமல் விடப்பட்ட குழாய்களுக்கு வெளி வெப்பநிலை மைனஸ் 7 பாகையே ஆபத்தின் எல்லையாகத் தெரிந்தது. குளிர்காற்று நேராகப் படும் குழாய்க்கு அந்த அளவு குளிர்கூடத் தேவையில்லை. கேபிள் வயர் உள்ளே வரும் துளை, டிரையர் குழாயின் ஓரம், பேஸ்மென்டில் கொங்கிரீட் சுவர்மேல் மரச் சட்டம் உட்காரும் இடைவெளி ஆகியவற்றில் காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை ஓடும் இடமே குற்றவாளி. சிறு வெடிப்புக்குக் கோக் (caulk) எனும் அடைப்புப் பசை, பெரியதற்கு ஸ்பிரே ஃபோம், சட்ட இடைவெளிக்கு இரண்டு அங்குலக் கட்டி ஃபோம் வெட்டிச் செருகி ஓரம் அடைப்பது. பத்து டொலர் வேலை பல இடங்களில் போதும்.

இன்சுலேஷனில் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை ஒன்று உண்டு. வெளிச்சுவருக்குள் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் பஞ்சை அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்தால் அறைச் சூடும் குழாயைத் தொடாது. பஞ்சு குழாய்க்கும் வெளிப்பலகைக்கும் இடையில் இருக்க வேண்டும். அறைப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். குழாய்மேல் மாட்டும் ஃபோம் உறையும் சூட்டைத் தராது, இழப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. வெப்பமே இல்லாத இடத்தில் சில மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு வாரக் குளிருக்கு அது மறுமொழி அல்ல.

அப்படிப்பட்ட இடத்துக்குச் சூடாக்கும் கேபிள். கனடாவில் சிஎஸ்ஏ (CSA) தரமுத்திரையுள்ளதாக, உங்கள் குழாய் வகைக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியதாக, தன்சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வகையாக வாங்குங்கள். சாதாரண வகையை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டால் அந்த இடம் எரியும். உணரி இருந்தால் அதை மிகக் குளிரான முனையில் வையுங்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் வயர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடுங்குளிர் அறிவித்த இரவுகளில் தெர்மோஸ்டாட்டை இரவுக்கென்று குறைக்காதீர்கள். மற்ற நேரத்திலும் 15 பாகைக்குக் கீழே வேண்டாம். நடைவழியில் 15 காட்டும்போது வடக்குச் சுவருக்குள் அது இல்லை. சந்தேகமான டாப்பை, சுடுநீரும் குளிர்நீரும், சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும் நீர் உறையாது என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி, டாப் திறந்திருப்பதால் அழுத்தம் ஏற வழியில்லை.

மார்கழியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

மூன்று வாரம் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கப் போகிறீர்கள் என்றால் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, வீட்டில் ஆளில்லாத நாட்களைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். பல பத்திரங்களில், குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால், உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று இருக்கும். விதிவிலக்கு: ஒருவர் தினமும் வந்து வெப்பம் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். நாள் கணக்கு பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். உங்களுடையதில் உள்ளதே சட்டம்.

இரண்டையும் செய்யுங்கள். மெயினை மூடி, மேலிருந்து கீழாக எல்லா டாப்பையும் திறந்து, கழிவறைகளைத் தண்ணீர் தள்ளி வடித்து, பேஸ்மென்ட் டாப்பைத் திறந்தபடி விட்டு, வெப்பத்தை 15இல் வைத்துப் போங்கள். சுடுநீர்த் தொட்டியைப் பைலட்டுக்குக் குறைக்க வேண்டும். ரேடியேட்டரில் சுடுநீர் ஓடிச் சூடாகும் பழைய வீடு என்றால் பொயிலருக்குத் தண்ணீர் போகும் வழி மூடப்படலாம். அதை முதலில் பொயிலர் ஆளிடம் கேளுங்கள். பேஸ்மென்டில் குடியிருப்பவர் இருந்தால் மெயினை மூட முடியாது. மேல்மாடிக்குத் தனி வால்வு வைத்திருந்தால் அதை மூடுங்கள், இல்லையென்றால் அவரே தினமும் மேலே வந்து பார்க்கட்டும்.

சாவி வாங்கும் நண்பரிடம் "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொல்லாமல், எதைப் பார்ப்பது என்று எழுதிக் கொடுங்கள்: தெர்மோஸ்டாட் எண், வடக்குச் சிங்குக்குக் கீழே கை வைத்துப் பார்ப்பது, பேஸ்மென்ட் தரை, மீட்டர் எண். ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னால் திகதியோடு சாட்சியும் ஆகிவிடும்.

அறிகுறி: சித்திரையில் வெளி டாப்பைத் திறந்தால் பேஸ்மென்ட் நனைகிறது

இந்த வெடிப்பு மார்கழியிலேயே நடந்தது. வெளிப்படுவது புல்லுக்குத் தண்ணீர் விடும் முதல் நாளில். உறையாத வகை டாப்பில் அடைக்கும் பகுதி சுவருக்கு உள்ளே ஓர் அடி தள்ளி இருக்கும். மூடியதும் வெளிப்பக்கத் தண்டு தானாக வடிய வேண்டும். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் வடியாது, தண்டுக்குள் நீர் நின்று உறைந்து கிழியும். டாப் வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தாலும் அதே கதி. டாப்பை மூடினால் ஒழுக்கும் நின்றுவிடுவதால் பலர் கவனிப்பதேயில்லை.

சாதாரண வகைக்கு ஐப்பசிக் கடைசியில்: ஹோஸைக் கழற்றுங்கள், பேஸ்மென்டுக்குள் அந்தக் குழாயின் வால்வை மூடுங்கள், வெளி டாப்பைத் திறவுங்கள். உள் வால்வின் பக்கத்திலுள்ள சிறு பித்தளை மூடியை ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு கழற்றினால் காற்று நுழைந்து மீதித் தண்ணீர் விழும். விழுந்து முடிந்ததும் மூடியைத் திரும்பப் போட்டு, வெளி டாப்பைத் திறந்தபடியே விடுங்கள்.

சித்திரையில் முதல் முறை திறக்கும்போது ஹோஸைப் பூட்டி, அதன் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடியுங்கள். இன்னொருவர் பேஸ்மென்டில் டோர்ச்சோடு நிற்கட்டும். தண்ணீரைக் கட்டைவிரல் சுலபமாக நிறுத்திவிட்டால், அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.